அரியலூர்ச் சாலையில் அறுபது உரூபாய்ச் சாப்பாடு

பினாங்கில் நான் நாள்தோறும் பசியாறும் சாலையோர ஒட்டுக்கடையில் தேநீருக்கு இருபது காசு கூட்டிவிட்டார்கள். அது குறித்து முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பிய காலையில்தான் அரியலூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவள் என் சிற்றப்பாவின் மகள் செல்வராணி.

"அண்ணே, நீங்க தமிழ் வாத்தியாரா இருந்தவரு. எனக்கு ஒரு போர்டு எழுதணும். கடையில சாப்பாட்டு வெலைய ஏத்தப்போறேன். படிக்கிறவன் மனசு கோணக் கூடாது. நல்ல தமிழ்ல நாலு வரி வேணும்."

"எழுதி அனுப்பிவிடுகிறேன் அம்மா."

"அனுப்புனா ஆச்சா? நேர்ல வந்து எழுதுங்க. உங்களப் பாத்தும் ஆறு வருசமாச்சு."

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் செல்லும் சாலையோரத்தில் அவள் ஓர் உணவுக்கடை நடத்துகிறாள். கணவர் தூத்துக்குடிப் பக்கம் சரக்குந்து ஓட்டுபவர். வீட்டுக்கு வருவது அரிது. சிமெண்ட் ஏற்ற வரும் ஓட்டுநர்களே அவளுடைய வாடிக்கையாளர்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகளாக ஒரு சாப்பாடு அறுபது உரூபாய். சாலைக்கு எதிர்ப்புறம் ஜபருல்லா என்னும் முதியவரின் கடை. அங்கும் அதே விலை.

"ஏத்தினா அத்தன வண்டியும் ரோட்டுக்கு அந்தாண்ட பாய் கடைக்குப் போயிடும். ஏத்தலன்னா தை பொறக்கறதுக்குள்ள நானே கடையச் சாத்திட்டுப் போயிடணும்" என்றாள். குரலில் நகைப்பு இருந்தது. ஆயினும் அது நகைப்பன்று. நான் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் பெரம்பலூர். செல்வராணியின் தமையன் கலியமூர்த்தி குரும்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுகிறான். பேருந்து நிலையத்திலிருந்து என்னைத் தன் ஈருருளியில் ஏற்றிக்கொண்டு போனான். வழியில் தேநீரும் போண்டாவும் வாங்கித் தந்தான். தேநீர் பத்து உரூபாய் என்றதும் என் மனம் அதைத் தானாகவே மலேசியக் காசில் அரை வெள்ளியாக மாற்றிக்கொண்டது. பினாங்கில் அரை வெள்ளிக்கு வெந்நீர்கூடக் கிடைக்காது. "எவ்வளவு மலிவு!" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் எந்த ஊர்ல எறங்கி வராரு?" என்று கலியமூர்த்தியிடம் கேட்டார்.

வயலோரத்தில் அவன் பட்டறை நின்றது. தரைக்குச் சற்று மேலே கல்லடுக்கி, பக்கங்களில் கம்பு நட்டு, உள்ளே வெங்காயத்தைத் தாளோடு கொட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து வைப்பதற்குப் பட்டறை என்று பெயர். விலை ஏறும்வரை வெங்காயம் அதனுள் காற்றாடக் காத்திருக்கும். ஒருமுறை பிரித்தால் ஈரம் புகுந்துவிடும் என்று விற்கும் நாள்வரை அதில் கை வைக்கமாட்டார்கள். கலியமூர்த்தி அதைத் தடவிக்கொடுத்தபடி பேசினான்.

"வாரத்துக்கு வாரம் வெல ஏறுதுண்ணே. இன்னும் ஒரு மாசம் மழ பேயாம இருந்தாப் போதும். நெனச்சாலே வயிறு குளுருது."

அவன் சொல்லி முடிக்கவும், அவன் மனைவி தனலட்சுமி கடைத்தெருவிலிருந்து துணிப்பையுடன் வந்து சேரவும் ஒன்றாயிற்று.

"இந்த அநியாயத்தக் கேட்டீங்களா மாமா? அரைக் கிலோ சின்ன வெங்காயம் நாப்பது ரூவாயாம்! மனுசன் சோறு திங்கறதா வேணாமா?"

வீட்டுக்கென்று தனியே வைத்திருந்த குவியல் தீர்ந்துவிட்டதாம். வெங்காயத்தைக் குவித்து வைத்திருக்கும் வீட்டில் வெங்காயம் விலைக்கு வாங்கப்படுகிறது.

"ஏறட்டும் வுடு" என்றான் கலியமூர்த்தி.

"ஏறட்டுமா? பேசறதப் பாரு. சட்டியில போடறவ நானு."

"நான் வித்துக் கொண்டாந்து உங்கிட்டதானடி குடுப்பேன்?"

"குடுத்துக் கிழிச்சீங்க. நீங்க விக்கிறது டிராக்டர்காரனுக்கும் மருந்துக்கடைக்கும் போயிடும். இந்த நாப்பது என் கையில இருந்துல்ல போச்சு!"

கலியமூர்த்தி என்னைத் துணைக்குப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். விலையேற்றம் என்பது ஊருக்கெல்லாம் ஒரே அளவில் வருவது என்று நான் செய்தித்தாளில் படித்துப் பழகியவன். அது ஒரே வீட்டின் வாசல்வழியே நுழைந்து, கணவனுக்கு வரவாகவும் மனைவிக்குச் செலவாகவும் நின்றதை அன்றுதான் கண்டேன். இரவு அவ்வெங்காயத்தில் ஒரு குழம்பு வைத்தாள் தனலட்சுமி. ஒவ்வொரு வெங்காயமும் முழுதாக, உரித்த முத்துப்போல் கிடந்தது. "விலையை நினைக்காமல் போட்டிருக்கிறாயே அம்மா" என்றேன். "அதுக்காகக் கொறச்சுப் போட முடியுங்களா மாமா? கொழம்பு கொழம்பா இருக்க வேணாம்?" என்றாள்.

மறுநாள் அரியலூர்ப் பேருந்து. பாதி வழியில் பின்னுருளி வெடித்து, வண்டி ஒரு புளியமரத்தடியில் சாய்ந்து நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்கி டீ சாப்பிடுங்க" என்றார். எதிரே ஒரு தேநீர்க்கடை, இதற்காகவே காத்திருந்ததுபோல் நின்றது. மடித்துக்கட்டிய வெள்ளை வேட்டியுடன் ஒரு பெரியவர் என் அருகில் அமர்ந்து, நான் கேட்காமலே தொடங்கினார்.

"எல்லாம் டபுள் ஆயிடுச்சு சார்."

"எவையெல்லாம்?"

"எல்லாமேதான்."

"இந்தத் தேநீர் முன்பு எவ்வளவு?"

"டீயா?" அவர் சற்றுத் தயங்கினார். "பன்னெண்டு. இல்ல, பத்து. இப்பத்தான் பதினஞ்சு ஆக்கிட்டானே."

கடைக்காரர் அடுப்பிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "பத்துதான் பெரியப்பா. எப்பவும் பத்துதான்."

"அப்பறம் ஏன் என் கையில காசே நிக்க மாட்டேங்குது?"

"டீயோட நாலு பஜ்ஜி திங்கறீங்க, ரெண்டு பொட்டலம் வூட்டுக்கு வாங்கறீங்க. நான் மொத்தமாச் சொல்றேன், நீங்க போனக் காட்டுறீங்க."

பெரியவர் சற்றும் கலங்கவில்லை. "பாத்தீங்களா சார், இப்படித்தான் ஏத்திடறானுவ" என்று என்னிடம் முடித்துக்கொண்டார்.

அரியலூரில் நகரப் பேருந்துக்கு மாறினேன். என் முன்னிருக்கையில் கீரைக்கட்டுகளோடு ஓர் அம்மையார். கையில் மகளிர்க்குரிய கட்டணமில்லாச் சீட்டு. அச்சீட்டாலேயே விசிறிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "இந்த பஸ்ஸு காசெல்லாம் எங்கியோ போயிடுச்சு அக்கா. நம்மளால முடியாது." பக்கத்திலிருந்தவர் கையிலும் அதே சீட்டு. "முடியவே முடியாது" என்று அவரும் ஒப்பினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்ததற்குரிய தண்டனை மறுநாளே கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை திருமழபாடிக்குச் சென்று ஈசனை வணங்கினேன். கொள்ளிடத்தில் நீர் மெலிந்து, மணலே ஆறாக விரிந்து கிடந்தது. கோவிலிலிருந்து பேருந்து நிற்குமிடம்வரை ஒரு மூவுருளி உந்தை அழைத்தேன். ஓட்டுநர் எண்பது உரூபாய் கேட்டார். முதல் நாளாக இருந்திருந்தால் அதை நான்கு வெள்ளியாக மாற்றி, வாய் மூடி ஏறியிருப்பேன். மூன்று நாளில் அந்த மாற்றுக்கணக்கு என்னைவிட்டுப் போய்விட்டிருந்தது. எண்பது எனக்கு எண்பதாகவே தெரிந்தது.

"என்ன தம்பி, இப்படி ஏற்றிவிட்டீர்களே!" என்றேன்.

"போன தடவ எவ்ளோங்க குடுத்தீங்க?"

போன தடவை என்று ஒன்று இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக அவ்வூருக்கு வந்திருக்கிறேன். ஆயினும் விலை ஏறிவிட்டது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லாதிருந்தது. ஏறி அமர்ந்து எண்பதையே கொடுத்தேன்.

அன்று மாலை, செல்வராணியின் கடைவாசலில் பலகையும் வெண்சாயமும் தூரிகையும் எனக்காகக் காத்திருந்தன. அக்கடையில் அதுவரை விலைப்பலகையே இருந்ததில்லை. வாயால் சொல்வதுதான் வழக்கம். நான் முன்னரே எழுதி வைத்திருந்ததைச் செல்வராணிக்குப் படித்துக் காட்டினேன்.

"அன்புடையீர்! எரிவளி, எண்ணெய், அரிசி முதலியவற்றின் விலை தொடர்ந்து உயர்ந்துவருதலின், இதுகாறும் அறுபது உரூபாய்க்கு வழங்கிவந்த உணவினை இனி எழுபது உரூபாய்க்கு வழங்க நேர்ந்தமைக்கு வருந்துகின்றோம். அளவும் சுவையும் குன்றா."

அவள் முகவாயில் கைவைத்துக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிடும்."

பாதியாகக் குறைத்தேன். அதையும் பாதியாக்கச் சொன்னாள். முடிவில் 'அன்புடையீர்' என்பதும் விலையும் வருத்தமும் மட்டும் எஞ்சின. அவற்றைக் குனிந்து குனிந்து எழுதினேன். எதிர்க்கடை வாசலில் ஜபருல்லா நாற்காலி போட்டு அமர்ந்து இப்பக்கமே நோக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாண்ணே? எப்பப் பாரு இந்தப் பக்கமே கண்ணு. நான் என்னிக்கு ஏத்துவேன், என் ஆளுங்கள என்னிக்கு அள்ளிக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்காரு மனுசன்."

நான்காம் நாள் காலை பலகையை மாட்டவேண்டும். அவள் மாட்டவில்லை. "மத்தியானம் மாட்டிக்கலாம்" என்றாள். ஓட்டுநர்கள் வரத்தொடங்கிய வேளையில் என்னைத் தனியே அழைத்தாள்.

"அண்ணே, நீங்க வெளியூரு ஆளு. சும்மா பேச்சுக் குடுத்துப் பாருங்க. பத்து ரூவா ஏறினா என்ன சொல்லுவானுங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு மாட்டறேன். எனக்குக் கை வர மாட்டேங்குது."

இலை போட்டு அமர்ந்தேன். சோறு ஆவி பறந்தது. சாம்பார், வாழைக்காய்க் கூட்டு, கீரை, அப்பளம், மிளகு மணக்கும் சாற்றமுது, மோர். கேட்கக் கேட்கச் சோறு வந்தது. ஓட்டுநர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வந்தார்கள். சாப்பாட்டோடு ஒருவர் வறுத்த மீன் கேட்டார், மற்றொருவர் முட்டையடை, எழும்போது தண்ணீர்ப் புட்டி, பாக்கு. ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துக் கைப்பேசியை நீட்டினார். செல்வராணி மொத்தத் தொகையை மட்டும் சொன்னாள்.

என் எதிரே முருகேசன் என்னும் நாமக்கல் ஓட்டுநர், தம் தோழர் இருவருடன் அமர்ந்திருந்தார். அகன்ற தோள், அதைவிட அகன்ற சிரிப்பு.

"சாப்பாடு நன்றாக இருக்கிறது. விலை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எண்பது சார்" என்றார் முருகேசன், தயக்கமே இன்றி.

"எண்பதா? எழுபத்தஞ்சுடா" என்றார் ஒரு தோழர்.

"அது ஆடி மாசம். அப்பறம் ஏத்திட்டாங்க."

"எனக்குத் தெரிஞ்சு எழுபது" என்றார் மூன்றாமவர். "ஆனா ஏத்தினது நெசம். அக்கா நல்லவங்கதான் சார். ஆனா அவங்களும் ஏத்திக்கிட்டேதான் போறாங்க. யாரக் குத்தம் சொல்றது?"

"இன்னும் பத்து ஏற்றினால்?"

"ஏத்தட்டும், நாங்க என்ன ஓடியா போயிடப்போறோம்?" முருகேசன் சாற்றமுதைக் கையில் வாங்கி உறிஞ்சினார். "இந்த ரசத்த உட்டுட்டு எங்க போறது? ஆனா மனசுல ஒரு சுருக்குன்னு இருக்கும்ல சார்? வருசத்துக்கு ரெண்டு தடவ ஏத்தினா இருக்கத்தான செய்யும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். செல்வராணி மோர் வாளியுடன் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அனைத்தையும் கேட்டுவிட்டாள். வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நான் இலையை மூடிவிட்டுப் பின்தொடர்ந்தேன்.

விலை ஏற்றினாலும் ஓட்டுநர்கள் போகமாட்டார்கள் என்னும் நற்செய்தியை அவளிடம் சொல்லப் போனேன். அவளோ நீர்த்தொட்டியின் விளிம்பில் அமர்ந்திருந்தாள்.

"மூணு வருசம்ணே. கேஸ் சிலிண்டரு ஏறிச்சு, எண்ண ஏறிச்சு, நான் ஏத்தல. காதுல கெடந்தத வித்தேன், ஏத்தல. இவனுங்க வெயில்ல ஓடிட்டு வரானுங்களே, வயிறாரத் திங்கட்டும்னு ஏத்தல. வருசத்துக்கு ரெண்டு தடவ ஏத்தினேனாம்! கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் அம்மா. ஆனால் எழுபது என்றாலும் அவர்கள் வருவார்கள்."

"வருவானுங்க. யாருக்கு வேணும்? ஏத்தாதப்பவே ஏத்துனவன்னு பேரு வாங்கிட்டேன். இப்ப ஏத்தினா இன்னும் என்ன சொல்லுவானுங்க? இருக்கறத வித்துட்டு மொதலாளிமாருக்கு எடுபிடி வேலைக்குப் போயிடறேன். சாத்திடலாம்ணே."

அவள் விலையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அதை எவரும் காணவில்லை. ஏறிய விலை கண்ணை உறுத்தும். ஏறாத விலையோ காற்றைப் போன்றது.

அப்போது பின்வாசலில் ஒரு செருமல் கேட்டது. வெள்ளைக் குல்லாயும் கட்டம்போட்ட கைலியுமாக ஜபருல்லா நின்றார். சாலையைக் கடந்து அவர் இக்கடைக்கு வந்தது அதுவே முதல் முறை என்று பின்னர் அறிந்தேன்.

"தங்கச்சி, போர்டு எப்ப மாட்டப்போற?"

செல்வராணி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவுமில்லை. "எதுக்கு பாய்? சீக்கிரம் மாட்டினா என் ஆளுங்கள சீக்கிரம் இழுத்துக்கலாம்னா?"

"யா அல்லா! யாரு இழுக்கறது?" அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் சார் எழுதறதப் பாத்தேன். அப்பாடா, விடிஞ்சிச்சுன்னு நிம்மதியாத் தூங்கினேன். காலையில பாத்தா மாட்டல. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து பாத்தா அப்பவும் மாட்டல. மனசு கேக்கல, வந்துட்டேன். ஏத்தும்மா! நீ அறுவதுல நிக்கிறியேன்னு நானும் மூணு வருசமா அறுவதுலயே நின்னுகிட்டு இருக்கேன். நீ ஏத்தாம நான் ஏத்தினா என் கடையில யாரு உக்காருவா?"

செல்வராணி அவரையே பார்த்தாள்.

"பக்ரீத்துக்கு நீ ஏத்துவேன்னு பாத்தேன், ஏத்தல. தீவாளிக்கு ஏத்துவேன்னு பாத்தேன், அன்னிக்குன்னு பாத்து பாயசம் போடற! என் பொழப்பு என்ன ஆவுறது? அந்தத் தங்கச்சி மனசுல ஒரு பத்து ரூவாயப் போடு ரப்பேன்னு துவா கேட்டேன். சிரிக்காதீங்க சார், சத்தியமாத்தான் சொல்றேன்."

"பாய்," என்றாள் அவள் மெதுவாக, "என் வெல அறுவதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? அறுவது. கூட்டு, கீர, அப்பளம், ரசம், மோரு. சோறு கேக்கக் கேக்க. அறுவது. மூணு வருசமா ஒத்தக் காசு ஏத்தல. இந்த ரோட்டுல அது எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்குமா என்பதும் ஐயமே. பிறகு, "கை கழுவிட்டு வாங்க பாய், சாப்பிடுங்க" என்றாள்.

"சாப்பிடத்தான் வந்தேன். காசு குடுத்துத்தான் சாப்பிடுவேன்."

ஓட்டுநர்களுக்கு நடுவே, முருகேசனுக்கு அடுத்த இலையில் ஜபருல்லா அமர்ந்தார். பாய் ராணியக்கா கடையில் சாப்பிடுகிறார் என்னும் புதுமையால் பேச்சொலி அடங்கிவிட்டது. அவர் சாம்பாரை ஒரு வாய் உண்டு, கண்ணை மூடித் திறந்து, "இதான் ரகசியமா? சின்ன வெங்காயத்த அள்ளிக் கொட்டற" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்து, கடைமுழுதும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"தங்கச்சி! ஒரு சாப்பாடு எவ்வளவும்மா?"

செல்வராணி என்னைப் பார்த்தாள். எழுத்து தெரியாதபடி சுவரில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தாள். நீரில் குதிப்பவள்போல் கண்ணை இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

"எழுபது."

எழுபது உரூபாயை ஜபருல்லா இலையோரத்தில் எடுத்து வைத்தார். கை கழுவ எழுந்த முருகேசன் பாதியில் நின்றார்.

"எழுபதாக்கா? எண்பது இல்ல?"

"எழுபதுதான்."

அவர் முகம் மலர்ந்தது. தோழரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "டேய்! அக்கா பத்து ரூவா கொறச்சிருக்காங்கடா!"

"அப்படியா?"

"இந்தக் காலத்துல யாருடா கொறைக்கிறா? சொன்னேன்ல, அக்கா மனசே மனசு!"

கடைக்கோடி இலையிலிருந்து ஒருவர் கைதட்டினார். ஜபருல்லாவுக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான் அவருக்கு நீர்க்குவளையை நீட்டினேன். கண்களில் நீர் முட்ட அதைக் குடித்தவர், செல்வராணி என்ன சொல்லப்போகிறாளோ என்று குவளைக்கு மேலாக அவளையே பார்த்திருந்தார்.

அவள் சோற்றுத்தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முருகேசனின் தோழர் இலையில் ஒரு கை கூடுதலாகவே வைத்தாள்.

"ஆமாய்யா," என்றாள். "எவ்வளவு நாளைக்குத்தான் ஏத்திக்கிட்டே போறது?"